வேலையை விட்டு வேறு மாநிலம்: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நான் பணியாற்றும் மும்பைப் புறநகர்க் கிளைக்கு ஒரு தம்பதியர் வந்தனர். கணவருக்கு வயது 52. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளர். மனைவிக்கு வயது 49, பள்ளி ஆசிரியை. மகன் பொறியியல் இறுதியாண்டில் இருந்தான். 78 வயதான தாயார் அவர்களுடனேயே வசிக்கிறார். இருவரும் அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு மைசூருக்குக் குடிபெயர விரும்பினர். நெரிசல் இல்லாத ஊர், மிதமான வெயில், தமிழ் பேசும் அண்டை வீட்டார் கிடைக்கும் இடம் என்று பல காரணங்களைச் சொன்னார்கள்.

கையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். மும்பையில் மாதச் செலவு 85,000 ரூபாய் என்றும், மைசூரில் 50,000 ரூபாய் என்றும் அதில் எழுதியிருந்தது. வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, சேமிப்பு அனைத்தும் சேர்ந்து 1.60 கோடி ரூபாய் கையில் இருக்கும். "இது போதுமா சார்?" என்பதே அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே கேள்வியுடன் வந்த வேறொரு வாடிக்கையாளருக்கு நான் ஐந்தே நிமிடங்களில் விடை சொல்லியிருந்தேன். அவருக்கு அப்போது 51 வயது. 60 இலட்சம் ரூபாயை ஐந்தாண்டு நிரந்தர வைப்பில் இட்டால் 7 விழுக்காடு வட்டியில் மாதம் 35,000 ரூபாய் வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தேன். அதை நம்பி அவர் பாலக்காட்டுக்குச் சென்று, வாடகை வீட்டில் குடியேறினார். 2021இல் வைப்பு முதிர்ந்தபோது வட்டி விகிதங்கள் வெகுவாக இறங்கியிருந்தன; ரெப்போ விகிதம் 2020 மே மாதத்திலிருந்தே 4 விழுக்காடாக இருந்தது. புதுப்பித்தபோது அவருக்குக் கிடைத்தது 5.5 விழுக்காடு, அதாவது மாதம் 27,500 ரூபாய். அந்த ஐந்தாண்டுகளில் வாடகையும் மருந்துச் செலவும் ஏறியிருந்தன. வேறோர் ஊரில் பணியாற்றிக்கொண்டிருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எழுதித் தந்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது சார்" என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஆனால் 56ஆம் வயதில் அவர் மீண்டும் ஒரு கடையில் கணக்கெழுதப் போக வேண்டியதாயிற்று.

என் பெருக்கலில் பிழை இல்லை. அவர் எந்த ஊருக்குச் செல்கிறார், எத்தனை ஆண்டுகளுக்கு இந்தப் பணம் வர வேண்டும், அங்கே அவருக்கு எவையெல்லாம் புதிய செலவாகும் என்பனவற்றை நான் கேட்கவே இல்லை. அன்று கேட்கத் தவறியவற்றை வாசகர்களுக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

மாநிலம் மாறினாலும் மாறாதவை

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளும் உறவினர்களும், வரி குறைந்த மாநிலத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றிப் பேசக் கேட்டிருப்போம். அந்நாட்டில் டெக்சஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை. எனவே அங்கு அது பொருத்தமான பேச்சு. நம் நாட்டிலோ வருமான வரியை விதிப்பது மத்திய அரசு. மும்பையில் பெறும் வட்டிக்கும் மைசூரில் பெறும் வட்டிக்கும் வரி ஒன்றே. மாநிலங்கள் விதிக்கும் தொழில் வரி, அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட இயலாது. அதுவும் தொழிலுக்கும் பணிக்கும் உரியது. வேலையை விட்டவருக்கு இல்லை. சரக்கு மற்றும் சேவை வரியும் நாடு முழுவதற்கும் பொதுவானது. வங்கி வைப்புக்கான வட்டியும் ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒன்றே.

ஆகவே, ஊருக்கு ஊர் மாறும் செலவுகள் சிலவே. அவற்றுள் முதன்மையானது எது என்பதற்கு அரசின் சம்பள விதிகளிலேயே விடை இருக்கிறது.

மத்திய அரசு ஊழியருக்கான அகவிலைப்படி நாடெங்கும் ஒரே விழுக்காடு. வீட்டு வாடகைப்படி அப்படியன்று. மும்பை, தில்லி, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா, புணே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்கள் முதல் வகை; அங்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு. மைசூர், கோவை, கொச்சி, புதுச்சேரி, டேராடூன் போன்றவை இரண்டாம் வகை, 20 விழுக்காடு. ஏனைய ஊர்களுக்கு 10 விழுக்காடு. போக்குவரத்துப் படியிலும் பெருநகரங்களுக்குச் சற்றுக் கூடுதல் உண்டு. அரிசி, பருப்பு, துணி ஆகியவற்றுக்காக ஊர்வாரியாகத் தனிப் படி எதுவும் கிடையாது. ஊர்களுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு குடியிருக்கும் வீட்டில்தான் என்பதை இந்த அமைப்பே காட்டுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. மும்பையில் கடன் தீர்ந்த சொந்த வீட்டில் வசிப்பவர் வாடகை கொடுப்பதில்லை. எனவே, ஊர் மாறுவதால் கிடைக்கக்கூடிய பெரிய சேமிப்பு அவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. அந்த வீட்டை அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தே அது கிடைக்கும்.

சராசரிகளை நம்பலாமா?

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புற இந்தியாவில் ஒருவருக்கான மாத நுகர்வுச் செலவின் சராசரி 6,996 ரூபாய். மாநிலங்களுள் சிக்கிமில் இது 13,927 ரூபாய். சத்தீஸ்கரில் 4,927 ரூபாய். இவ்வெண்களைக் கண்டு சிக்கிமில் விலைவாசி சத்தீஸ்கரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கொள்வது தவறு. இவை அங்குள்ள மக்கள் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதைச் சொல்கின்றன. உங்கள் குடும்பம் அங்கே வாழ எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்வதில்லை. வருமானம் கூடிய இடத்தில் செலவும் கூடும். குடிபெயர்பவரோ தம் பழக்கங்களையும் உடன் எடுத்துச் செல்கிறார். எனவே, கணக்கைத் தம் குடும்பச் செலவேட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் தாள்

அத்தம்பதியரின் தாளை அவர்கள் இசைவுடன் இங்கே தருகிறேன். தொகைகள் எளிமைக்காக முழுமையாக்கப்பட்டவை.

மும்பையில் மாதச் செலவு:
குடியிருப்புப் பராமரிப்பு, சொத்து வரி: ரூ. 7,000
மளிகை, பால், காய்கறி: ரூ. 22,000
மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, இணையம்: ரூ. 7,000
வீட்டுப் பணியாளர்: ரூ. 6,000
அலுவலகப் பயணம், மதிய உணவு, உடை: ரூ. 11,000
மருத்துவம், தாயாரின் மருந்து: ரூ. 7,000
மகன் படிப்பு: ரூ. 15,000
விழா, அன்பளிப்பு, பிற: ரூ. 10,000
மொத்தம்: ரூ. 85,000

மைசூருக்கான தாளில் மகன் படிப்புச் செலவு 15,000 ரூபாயும், அலுவலகச் செலவு 11,000 ரூபாயும் நீக்கப்பட்டிருந்தன. மளிகையில் 4,000, பணியாளருக்கு 2,000, மின்சாரத்தில் 2,000, பிறவற்றில் 1,000 எனக் குறைத்திருந்தனர். ஆக, 35,000 ரூபாய் குறைந்து 50,000 ரூபாய்.

இதில் முதல் இரண்டையும் கவனியுங்கள். 26,000 ரூபாய் குறைவது மைசூரால் அன்று. மகன் படிப்பை முடிப்பதாலும் இவர்கள் வேலையை விடுவதாலுமே அது குறைகிறது. மும்பையிலேயே இருந்தாலும் குறையும். ஊர் மாறுவதால் குறைவது 9,000 ரூபாய் மட்டுமே. வேலையை விடுவதன் பலனையும் ஊர் மாறுவதன் பலனையும் ஒன்றாகக் கலந்துவிடுவது, இத்தகைய கணக்குகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

அடுத்து, தாளில் இடம்பெறாதவை. மும்பை வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மைசூரில் வாடகைக்கு இருப்பதே அவர்கள் எண்ணம். ஆனால் வாடகையை அவர்கள் எழுதவே இல்லை. இருபது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் செலவேட்டில் வாடகைக்கு வரியே இல்லாமற் போயிருந்தது. தாயாருக்கும் ஏற்றதாக, தரைத்தளத்தில் இரு படுக்கையறை வீட்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்தோம். நிறுவனம் அளித்துவந்த மருத்துவக் காப்பீடு நின்றுவிடும் என்பதால் சொந்தக் காப்பீட்டுக்கு மாதம் 6,000. மும்பையில் புறநகர் இரயில் இருந்தது. மைசூரில் வண்டி வேண்டும் என்பதால் எரிபொருள், பராமரிப்புக்கு 5,000. மகன் மும்பையில் வேலை தேடுவான், உறவினர் திருமணங்களும் அங்கேதான் என்பதால் பயணத்துக்கு 4,000. இவை நான்கும் சேர்ந்து 35,000 ரூபாய். மைசூர்ச் செலவு மீண்டும் 85,000 ரூபாய்க்கே வந்து நின்றது.

இப்போது ஒப்பிட வேண்டியது பழைய மும்பைச் செலவுடன் அன்று; வேலையை விட்டபின் மும்பையிலேயே தங்கினால் ஆகும் செலவுடன். அது 85,000 ரூபாயில் 26,000 கழித்து, காப்பீட்டுக்கு 6,000 கூட்டினால் 65,000 ரூபாய். ஆக, மும்பை வீட்டைப் பூட்டி வைத்தால் மைசூர் வாழ்க்கை மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகவே ஆகும்.

வீட்டை என்ன செய்வது?

மும்பை வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 30,000 ரூபாய் கிடைக்கும் என்றனர். தரகுக் கட்டணம், ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருத்தல், சிறு பழுதுகள் ஆகியவற்றைக் கழித்து 25,000 என்று கொண்டோம். நிகரச் செலவு 60,000 ரூபாயாகிறது. மும்பையில் தங்குவதைக் காட்டிலும் 5,000 ரூபாய் மட்டுமே குறைவு.

விற்றுவிட்டு மைசூரில் வாங்கினால் மும்பைப் பராமரிப்பு 7,000 ரூபாயும், வாடகை 20,000 ரூபாயும் நீங்கும். புதிய வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகும். செலவு 61,000 ரூபாய். முந்தைய வழியைவிட 1,000 ரூபாய் கூடுதல்போல் தோன்றினாலும், விற்ற தொகைக்கும் வாங்கிய தொகைக்கும் இடையிலான வேறுபாடு கையில் சேர்கிறது. அது 50 இலட்சம் ரூபாய் என்றாலும் 6 விழுக்காட்டில் மாதம் 25,000 ரூபாய் வட்டி தரும். குடிபெயர்வதன் உண்மையான பொருளாதாரப் பலன் இங்கேதான் இருக்கிறது. காய்கறி விலையில் இல்லை.

ஆனால் இந்த வழியில்தான் திரும்பி வருவதும் கடினம். எனவே சில விதிகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மூலதன ஆதாய வரி. இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் கிடைக்கும் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடாயின், பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற முறையில் கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததைச் செலுத்தும் வாய்ப்பு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு உண்டு. அந்த ஆதாயத்தைக் கொண்டு, விற்பதற்கு ஓராண்டு முன்னரோ விற்றபின் ஈராண்டுக்குள்ளோ வேறொரு வீடு வாங்கினால், அல்லது மூன்றாண்டுக்குள் கட்டினால், வரிவிலக்குப் பெறலாம்.

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளுக்குள் வீடு வாங்க இயலவில்லை எனில், அத்தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ் இட்டு வைக்க வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ வழக்கமான நிரந்தர வைப்பிலோ இட்டால் விலக்குக் கிடைக்காது. விற்ற பணத்தைக் கிளைக்குக் கொண்டுவரும் பலருக்கு இது தெரிவதில்லை. புதிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றாலும் பெற்ற விலக்கு பறிபோகும்.

இரண்டாவது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபவை. தமிழ்நாட்டில் 7 விழுக்காடும் 2 விழுக்காடும். கேரளத்தில் 8 விழுக்காடும் 2 விழுக்காடும். கர்நாடகத்தில் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு 5 விழுக்காட்டுடன் மேல்வரிகளும் உண்டு; பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு இறுதியில் 1 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 60 இலட்சம் ரூபாய் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 5.40 இலட்சமும் கேரளத்தில் 6 இலட்சமும் இவ்வகையில் செலவாகும். ஊர் பிடிக்காமல் திரும்பினால் இத்தொகை திரும்ப வராது.

மூன்றாவது, வாங்கும் உரிமை. வெளிமாநிலத்தவர் நிலம் வாங்குவதற்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடுகள் உள்ளன. இமாசலப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும். மகாராட்டிரத்தில் விவசாய நிலத்தை விவசாயிகள் மட்டுமே வாங்கலாம். பண்ணை வீட்டுக் கனவுடன் முன்பணம் கொடுப்பதற்கு முன் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கருதி நான் சொல்லும் வழி இது: முதல் பதினொரு மாதம் பழைய வீட்டை வாடகைக்கு விட்டு, புதிய ஊரில் வாடகைக்கு இருங்கள். கோடையும் மழையும் பண்டிகையும் ஒரு சுற்று வரட்டும். அதன்பின் விற்பனையைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

மருத்துவம்: இடைப்பட்ட ஆண்டுகள்

முன்கூட்டியே ஓய்வு பெறுபவரின் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை இதுவே. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பணியின் கடைசி நாளுடன் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 70 வயது நிரம்பிய அனைவருக்கும், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம் 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், எந்த மாநிலத்திலும் அதனைப் பயன்படுத்தலாம். எனவே 78 வயதுத் தாயாருக்கு அந்த அட்டையைப் பெறுமாறு கூறினேன். ஆனால் 52 வயது மகனுக்கு அத்திட்டம் கிடைக்க இன்னும் 18 ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியைச் சொந்தக் காப்பீடே நிரப்ப வேண்டும்.

இதில் மூன்று செய்திகளை மனத்திற்கொள்க. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் புதிய காப்பீட்டில் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். ஆகவே, வேலையை விடுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே சொந்தக் காப்பீட்டை எடுத்துவிடுவது அறிவுடைமை. அதற்குக் காலம் இல்லையெனில், குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறும் வாய்ப்பைப் பணியில் இருக்கும்போதே விசாரியுங்கள். அடுத்து, சில காப்பீட்டுத் திட்டங்களில் நகரங்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வசூலிக்கிறார்கள். சிறு நகரத்துக்குரிய குறைந்த பிரீமியம் செலுத்துபவர் பெருநகரில் சிகிச்சை பெற்றால், செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்க நேரிடலாம். குடிபெயர்ந்தவர் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பெருநகருக்குத்தான் திரும்புவார் என்பதால் இந்த விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மூன்றாவதாக, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. இது சிறு நிம்மதி.

பணத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. முதியவர் தம் வலியை மருத்துவரிடம் எந்த மொழியில் சொல்வார்? துணைக்கு யாருமில்லாத வேளையில் அவரால் ஒரு ஆட்டோவைக் கூப்பிட முடியுமா? அந்த ஊரில் சில வாரங்கள் அவரையும் உடன் தங்க வைத்துப் பார்த்தாலன்றி இதற்கு விடை தெரியாது.

வண்டி, மின்சாரம், எரிபொருள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரி செலுத்த வேண்டும். பழைய மாநிலத்தில் எஞ்சிய காலத்துக்குரிய வரியைத் திரும்பக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடகம், சாலை வரி அதிகமாக உள்ள மாநிலங்களுள் ஒன்று. பழைய வண்டியாயின், அதை விற்றுவிட்டுப் புதிய ஊரில் ஒன்று வாங்குவது சில வேளைகளில் மலிவாக முடியும். இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

மின்கட்டணத்தை அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயிக்கிறது. சலுகையை மாநில அரசு அளிக்கிறது. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 அலகுகளை இலவசமாகத் தருகிறார்கள். வேறு மாநிலங்களில் மாதந்தோறும் கணக்கு, வேறு படிநிலைகள். எனவே ரூபாயை ஒப்பிடாதீர்கள். உங்கள் பழைய கட்டணச் சீட்டிலுள்ள அலகுகளை எடுத்துப் புதிய மாநிலத்தின் கட்டண அட்டவணையில் பொருத்திப் பாருங்கள். பெட்ரோல், டீசல் விலைகளும் மாநில வரியால் மாறுபடும்.

வருமானப் பக்கம்

வங்கிகள் மூத்த குடிமக்களுக்கு அளிக்கும் கூடுதல் வட்டி பொதுவாக 60 வயது நிரம்பியவர்களுக்கே. அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் 60 வயதே விதி. 55 வயது நிரம்பி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன்களைப் பெற்ற மூன்று மாதங்களுக்குள் சேரலாம். 52 வயதில் வேலையை விடுபவருக்கு இவ்விரண்டும் இல்லை. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுப் பணியுள்ளவர் 50 வயதிலிருந்து ஓய்வூதியம் பெறலாம். ஆனால் 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் தொகை குறையும். 2025 சனவரி முதல் இந்த ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம் என்பது குடிபெயர்பவர்க்கு நன்மை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1.60 கோடி ரூபாய் 6.5 விழுக்காட்டில் ஆண்டுக்கு 10.40 இலட்சம், மாதம் ஏறத்தாழ 86,600 ரூபாய் தரும். செலவு 85,000 ரூபாயானால் முதல் ஆண்டில் சரியாக இருக்கும். இரண்டாம் ஆண்டிலேயே போதாது. செலவு 60,000 ரூபாயானால் ஆண்டுக்கு 3.20 இலட்சம் மிஞ்சி அசலுடன் சேரும். விலைவாசியை எதிர்கொள்வது அந்த மிச்சமே. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 விழுக்காட்டிலேயே நின்றாலும் 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 52 வயதானவர் தமக்கு இன்னும் 35 ஆண்டுகள் என்று கொண்டே கணக்கிட வேண்டும்.

பாலக்காடு சென்றவருக்கு நேர்ந்ததைத் தவிர்க்க ஓர் எளிய வழியுண்டு. முழுத்தொகையையும் ஒரே நாளில், ஒரே காலத்துக்கு இடாதீர்கள். ஐந்து பங்காக்கி ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை முதிருமாறு இடுங்கள். ஆண்டுதோறும் ஒரு பங்கு மட்டுமே அப்போதைய வட்டிக்கு மாறும்; வீழ்ச்சி வந்தாலும் படிப்படியாகவே வரும்.

புறப்படுமுன் வங்கியில்

கணக்கை வேறு கிளைக்கு மாற்றுவது கட்டாயமன்று. மாற்றினால் கணக்கு எண் மாறாது, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறும் என்பதால் ஓய்வூதியம், ஈவுத்தொகை அனுப்புவோருக்குத் தெரிவியுங்கள். பாதுகாப்புப் பெட்டகத்தை மாற்ற இயலாது. இங்கே ஒப்படைத்துவிட்டு அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம் என்பதால் புதிய ஊர்க் கிளையில் முன்னரே விசாரியுங்கள். முகவரி மாற்றத்தை ஆதார், வங்கி, காப்பீடு, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் பதிவுசெய்க. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. நியமனதாரர் விவரத்தையும் சரிபாருங்கள். 2025 நவம்பர் முதல் வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

அத்தம்பதியர் என்ன செய்தனர்? ஒரு வாரத்துக்குப்பின் வந்து இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். அம்மையார் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மைசூர் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டாம் என்றேன்; இந்த ஆண்டே போக வேண்டாம் என்றேன். கணவர் மேலும் இரண்டாண்டுகள் பணியில் நீடிப்பது, காப்பீட்டை உடனே எடுப்பது, அடுத்த கோடை விடுமுறையில் தாயாருடன் ஆறு வாரம் மைசூரில் வாடகைக்குத் தங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். சென்ற மாதம் காப்பீட்டுப் பத்திரத்துடன் கிளைக்கு வந்திருந்தார்கள்.

வாடிக்கையாளருக்கு நான் இன்றும் துண்டுச் சீட்டு எழுதித் தருவதுண்டு. அதன் அடியில் நாளையும், அந்த வட்டி எந்த ஆண்டு வரை என்பதையும், எந்தச் செலவுகளைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீங்களும் இத்தகைய முடிவில் இருந்தால், ஓராண்டுச் செலவேட்டுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். மாதக் கடைசியும் மாதத் தொடக்கமும் தவிர்த்து, பிற்பகல் வேளையில் வந்தால் அமர்ந்து பேச நேரம் கிடைக்கும்.